புறங்கையால் ஒரு பெயர்

ஜனவரி 12

அன்புள்ள மடிப்புக்கு,

நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் நலம். தம்பி வீட்டுக்கு வந்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் மேடை துடைக்கும் பஞ்சும் ஒன்றே. பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன். வாய்தவறி "சீ" என்றுவிட்டேன், அது தம்பி பெண்டாட்டி காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து என் டம்ளர் தனி.

பஞ்சுக்காக மட்டுமில்லை, என் கையைப் பார்த்துத்தான் தனி என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் ப்ளீச்சில் ஊறிய கை அல்லவா, வெடித்து வெடித்துச் செதில் உதிர்கிறது. இது யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். அவள் அதன்மேல் நாள்காட்டியை மாட்டிவிட்டாள்.

இங்கே சத்தமே இல்லை. நம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்து ஆறு மெஷினும் பிழிகிற டிரம்மும் காதுக்குள் இன்னும் ஓடுகின்றன, வெளியே ஒன்றும் இல்லை. எல்லாரும் வாயால் பேசுகிறார்கள். மென்றுகொண்டே, எச்சில் தெறிக்கப் பேசுகிறார்கள். நம் கைப்பேச்சில் எச்சில் உண்டா சொல்.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீயும் நானும் சேர்ந்து உண்டாக்கிய நாற்பத்துமூன்று சைகை. அதில் ஒரே ஒரு சட்டம்தான் நான் வைத்தது: அழுக்குக் கையுறை முகத்தைத் தொடக் கூடாது. அதனால்தான் கண், மூக்கு, வாய் எது வந்தாலும் புறங்கை, அதுவும் நான்கு விரல் தள்ளி. என் பெயரையே எடுத்துக்கொள். வலது புறங்கை மூக்குக்கு நேரே வரும், முகம் முழுதாக இடப்பக்கம் திரும்பும். எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்புகிறேன் என்று கேலியாக நீ வைத்த பெயர் அது. வாயால் சீயக்கா, கையால் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அது எனக்குப் பிடித்துப்போனது. வேலையை விட்டு வரும்போது நான் கொண்டுவந்தது ஒரு சாப்பாட்டு டப்பாவும் அந்தப் பெயரும்தான்.

இனி நீதான் அங்கே பெரியவள். கைப்பேச்சைச் சுத்தமாக வைத்துக்கொள். கண்டவன் கையும் அதில் படவேண்டாம்.

இப்படிக்கு,
உன் சீயக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மடிப்பு எழுதுவது. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பஞ்சு விஷயம் படித்து என் வீட்டுப் பஞ்சை உடனே மாற்றிவிட்டேன், அதுவரை நானும் ஒன்றுதான் வைத்திருந்தேன் என்பதை மன்னியுங்கள்.

மடிப்பு மேசையிலிருந்து என்னைத் தூக்கி, துணி பிரிக்கும் மேசைக்குப் பொறுப்பாளி ஆக்கிவிட்டார்கள். உங்கள் இடத்தில் நிற்கிறேன். உயரம் போதவில்லை, ஒரு பலகை போட்டு நிற்கிறேன்.

இங்கே எல்லாம் மாறிவிட்டது அக்கா. நமக்கும் சமையல்கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டார்கள். இப்போது அவர்கள் தட்டு வண்டி நம் பக்கமாகத்தான் போகிறது. பாய்லர் ஆட்களுக்கும் அதே வழி. போதாததற்கு வேறு மூன்று ஆஸ்பத்திரித் துணியும் இங்கேதான் வருகிறது, அதனால் வண்டிக்காரர்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். இத்தனை பேரும் இந்தச் சத்தத்தில் எப்படிப் பேசுவது? நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நாம் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

நாற்பத்துமூன்று இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நாம் 'ரத்தம், ஐந்தாம் வார்டு' என்று காட்டுவோம். சமையல்காரர்கள் எப்போதும் வார்டை முதலில் சொல்லிப் பழகியவர்கள், அதனால் இங்கே எல்லாரும் இப்போது 'ஐந்தாம் வார்டு, ரத்தம்' என்கிறார்கள். நானும்தான். நம்மிடம் நன்றிக்குச் சைகையே இல்லாமல் இருந்தது நினைவிருக்கிறதா? அவர்களிடம் இருக்கிறது. ஈரக்கையோடு செய்வதற்காக முழங்கையால் இடுப்பில் இரண்டு தட்டு. முதலில் சிரிப்பு வந்தது, இப்போது வீட்டில் என் பிள்ளைகள்கூட அப்படித்தான் நன்றி சொல்கிறார்கள். பாய்லர் ஆட்கள் கொண்டுவந்த சில சைகைகளை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சொல்ல மறந்தேன். உங்கள் பெயரை இங்கே தினமும் பத்துத் தடவையாவது சொல்கிறோம்.

கைக்குக் களிம்பு போடுங்கள், சோம்பல் வேண்டாம்.

உங்கள்,
மடிப்பு


ஏப்ரல் 20

அன்புள்ள மடிப்புக்கு,

குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டு, மாலை நன்றாக இருக்கிறது என்று எனக்குக் கடிதமும் எழுதுகிறாய்.

முழங்கையால் நன்றியா? சுவரில் முதுகு தேய்க்கிற பன்றியைப் போல! அதைப் பிள்ளைகளுக்கு வேறு பழக்கியிருக்கிறாய். வார்டை முதலில் சொல்கிறார்களாம். சமையல்காரனுக்கு எந்த வார்டுக்குக் கஞ்சி என்பதுதான் முக்கியம், அவன் அப்படிச் சொல்லட்டும். நமக்கு மூட்டையில் ரத்தமா, மலமா, வெறும் வியர்வையா என்பது முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் எப்படி உள்ளே போவது என்று கைக்குத் தெரியும். எந்த வார்டு மலமாக இருந்தால் என்ன, மலம் மலம்தான். இதை நான் உனக்கு விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு அருவருப்பு.

அந்தப் பாய்லர் ஆட்களைப் பற்றி நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கரி அப்பிய விரலை மூக்கு, வாய், உதடு என்று எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பேசுவார்கள். அவர்களுக்குக் கையில் இருப்பது வெறும் கரி. நமக்கு அப்படியா?

சரி, திட்டி முடித்தாயிற்று. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, தினமும் பத்துத் தடவை என்று. அதை மட்டும் விரல் வைத்து மறுபடி படித்தேன். இந்த வீட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அவங்க சாப்பிட்டாச்சா", "அவங்க துணியைத் தனியா போடு" என்கிறார்கள். அங்கே இன்னும் யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைச் சொல்கிறார்கள் என்று நினைத்தால் இந்தத் தனி டம்ளரில்கூடத் தண்ணீர் இறங்குகிறது.

உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். உறையை நானே துவைத்தேன், பயப்படாதே.

உன் சீயக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் திட்டியதைப் படித்தபோது, நீங்களே பக்கத்தில் நிற்பது போல முதுகை நிமிர்த்திக்கொண்டேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும், பெரியவனுக்குக் காய்ச்சல்.

ஒரு செய்தி. நிர்வாகத்திலிருந்து ஒரு அம்மா நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நம் கைப்பேச்சில் முக்கியமான பன்னிரண்டு சைகைகளைப் படம் பிடித்துப் பெரிய பலகையாக அச்சடித்து, நான்கு ஆஸ்பத்திரியிலும் மாட்டப் போகிறார்களாம். படத்தில் நிற்கப் போவது நான்தான். "இதை யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். உங்களைச் சொன்னேன். குறித்துக்கொண்டார், ஆனால் பலகையில் பெயரெல்லாம் போட மாட்டார்களாம்.

உங்கள் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம், நேரில் வரும்போது சொல்கிறேன். எப்போது வர முடியும் என்றுதான் தெரியவில்லை.

உங்கள்,
மடிப்பு


செப்டம்பர் 15

மடிப்பு,

நீ நேரில் வந்து சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

கைக்கு வெளிச்ச சிகிச்சை என்று இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போய்வருகிறேன். உங்கள் வண்டி துணி எடுக்க வரும் மூன்றில் இதுவும் ஒன்று என்று எனக்குத் தெரியாது. நேற்று வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். கூடத்தின் அந்தக் கோடியில், துணி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பணிப்பெண், மூக்கில் பெரிய மச்சம் உள்ளவள், என்னைப் பார்த்தாள். இந்தப் பக்கம் நின்ற இன்னொருத்தியிடம் கையைத் தூக்கிக் காட்டினாள்.

என் பெயர்.

என்னை அறியாத ஊரில், முன்பின் பார்க்காத ஒருத்தி என் பெயரைச் சொல்கிறாள்! எழுந்து நின்றுவிட்டேன், மடிப்பு. நான்தான், ஆமாம் நான்தான் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் மறுபடி காட்டினாள். முதலில் 'கை'. பிறகு என் பெயர். இந்தப் பக்கம் இருந்தவள் பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தித் தள்ளி வைத்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து என் நாற்காலியில் போட்டாள்.

"இப்ப அவங்க என்ன காட்டினாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா, அது எங்க வேலை பாஷை."

"எனக்கும் கொஞ்சம் தெரியும். சும்மா சொல்லு."

"அசிங்கம், தொடாதேன்னு அர்த்தம். உங்களைச் சொல்லலம்மா, பொதுவா சொல்றதுதான்."

நான் சிகிச்சை எடுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் அசிங்கத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பியவள் நான். கடைசியில் அசிங்கத்துக்கே என் பெயரை வைத்துவிட்டீர்கள். வைத்து, என் கையைப் பார்த்தே சொல்லியும் ஆயிற்று. தினமும் பத்துத் தடவை என் பெயரைச் சொல்கிறோம் என்று எழுதினாயே. எதைப் பார்த்துச் சொன்னீர்கள்? அந்த வரியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் தூங்கினேன். இப்போது அதை நினைத்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

யார் முதலில் செய்தது? பாய்லர் ஆட்களா, அந்தச் சமையல் கூட்டமா? அதை மட்டும் எழுது.


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பாய்லர் ஆட்கள் இல்லை. சமையல் கூட்டம் இல்லை. முதலில் செய்தவள் நான்.

நீங்கள் போன இரண்டாவது வாரம். புதிதாக ஒருத்தியைச் சேர்த்திருந்தார்கள், இரண்டு பிள்ளைக்காரி, பாவம், எதுவும் தெரியாது. அறுவைக் கூடத்து மூட்டை வந்தது. ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நான் அந்த முனையில் இருந்தேன். அவள் மூட்டையை அவிழ்க்காமல் அதன் வாய் வழியாகவே கையை உள்ளே விடப் போனாள். கத்தினேன், கேட்கவில்லை. இரண்டு கையையும் வீசியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஆனால் என்ன காட்டுவது? நம் நாற்பத்துமூன்றில் 'தொடாதே' என்பதற்குச் சைகை இல்லை அக்கா. யோசித்துப் பாருங்கள். நீங்கள் இருந்தவரை அது தேவைப்படவில்லை. யார் தப்பாகக் கையை விட்டாலும் நீங்களே வந்து "சீ, எடு கையை" என்று தட்டிவிடுவீர்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் பெயரைச் செய்தேன். அவள் கை நின்றுவிட்டது. மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே உறையில்லாத கத்தி இருந்தது.

அடுத்த நாள் அவள் அதையே இன்னொருத்திக்குச் செய்தாள். உங்களை அவள் பார்த்ததே இல்லை. பிறகு சமையல்காரர்கள் ஊசிப்போன சாப்பாட்டுக்குச் செய்தார்கள். பாய்லர் ஆட்கள் மேனேஜர் வருகிறார் என்பதற்குச் செய்தார்கள். வண்டிக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு ஒருத்தி கையிலும் ஊசி ஏறவில்லை.

தினமும் பத்துத் தடவை என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனால் பொய்தான். நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்று எழுதினேன். அது தப்பு.

பலகையில் ஏழாவது படம் அது. அடியில் 'தொடாதே' என்று போடப்போகிறார்கள். நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால், வேறொரு சைகை வைத்து அதைப் படம் எடுக்கச் சொல்கிறேன். எல்லாரும் பழைய பழக்கத்தை விடக் கொஞ்ச நாள் ஆகும். அந்தக் கொஞ்ச நாளில் என்ன நடக்கும் என்று எனக்குப் பயம்தான். ஆனாலும் செய்வேன். பெயர் உங்களுடையது.

உங்கள்,
மடிப்பு


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

படம் எடுத்துவிட்டார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி கொடுத்தார்கள், இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவது படத்தில் புறங்கையை வைத்தால் மூக்கு மறைகிறது என்று படம் எடுத்தவர் சொன்னார். இங்கே பாதிப் பேர் பாய்லர் ஆட்களைப் போல விரலால் மூக்கைப் பிடித்துத்தான் இப்போது அதைச் செய்கிறார்கள், அதனால் அப்படியே எடுத்தோம்.

இம்மாதம் 31-ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால், வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஏழாவது படத்தை நீக்கச் சொல்லிவிடுவேன்.

மடிப்பு


அக்டோபர் 25

மடிப்பு,

படம் வந்தது. பார்த்தேன். சீ.

அழுக்குக் கையுறை போட்டுக்கொண்டு விரலால் மூக்கைப் பிடித்து நிற்கிறாய். பல்லைக் காட்டிச் சிரிப்பு வேறு. இருபத்திரண்டு வருடம் உன் காதில் நான் ஓதியதெல்லாம் எங்கே போனது? இதை நாலு ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டினால், ஆயிரம் பேர் ரத்தமும் மலமும் அப்பிய கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'தொடாதே' என்று சொல்வார்கள். அடுத்தவளைக் காப்பாற்றிவிட்டு இவள் நோயில் விழுவாள். இப்படி ஒரு முட்டாள்தனம் நம் கூடத்தில்தான் நடக்கும்.

உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று நடந்ததால் எழுதுகிறேன்.

மறுபடி சிகிச்சைக்குப் போனேன். போகாமல் இருந்து பார்த்தேன், கை விரல் மடங்கவில்லை. இந்த முறை என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்கார வைத்தார்கள். தடுப்புக்கு வெளியே அந்த மூக்கு மச்சக்காரி, என் கையைப் பார்த்து என் பெயரைச் சொன்னாளே, அவளேதான், நிரம்பி வழிந்த மஞ்சள் குப்பைப் பையைக் கட்டப் போராடிக்கொண்டிருந்தாள். இடம் போதாமல் வெறும் உள்ளங்கையால் பையை அமுக்கப் போனாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். தலையைத் தூக்கிப் பார்த்தாள், என்ன சொல்கிறேன் என்று கேட்கவில்லை.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுந்தது, புறங்கை மூக்குக்கு நேரே வந்தது, முகம் திரும்பியது. என் பெயரை நானே சொன்னேன், ஒரு குப்பைப் பைக்கு.

அவள் கை அந்தரத்தில் நின்றது. பையைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு ஊசி சுண்டுவிரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. முழங்கையால் இடுப்பில் இரண்டு தட்டு தட்டினாள். அதைப் பார்க்க இன்னும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பதிலுக்கு நானும் ஒரு தட்டு தட்டினேன். இதை நீ யாரிடமாவது சொன்னாய் என்றால் நடப்பதே வேறு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கத்தி இருந்த மூட்டையில் நீ என் பெயரைச் செய்ததற்குக் கோபம் இல்லை, அது போய்விட்டது. அந்தப் பத்துத் தடவைக் கதைக்குத்தான் கோபம். அது போக நாளாகும்.

இப்போது ஒழுங்காகக் கேள். ஏழாவது படம் இருக்கட்டும். ஆனால் மறுபடி எடுக்க வேண்டும். புறங்கை. நான்கு விரல் தள்ளி. முகம் பாதி இல்லை, முழுதாக இடப்பக்கம். மூக்கு மறைந்தால் மறையட்டும், வேலைக்கு வருகிறவர்கள் உன் மூக்கைப் பார்க்க வரவில்லை. சிரிக்காதே. நிஜமாகவே நாற்றம் அடிக்கிற மாதிரி நில். தெரியாவிட்டால் என்னை நினைத்துக்கொள்.

இன்னொன்று. அது ஒரு ஆளின் பெயர் என்று இனி யாருக்கும் சொல்லாதே. யார் அவள், எப்படி இருப்பாள் என்று கையை நிறுத்துமுன் எவளாவது ஒரு நொடி யோசித்தால், அந்த ஒரு நொடியில் ஊசி ஏறிவிடும்.

ஆகவே எனக்கு இனி வேறு பெயர் வேண்டும். முதல் பெயர் வைத்தவள் நீதான், இதையும் நீதான் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா. ஒரு டம்ளர் கொண்டுவா, இங்கே உள்ளதில் உன்னைக் குடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைகளையும் கூட்டிவா, அந்த முழங்கைப் பழக்கத்தை நான் பார்க்காமல் இருந்தால் போதும்.

கையுறை மட்டும் கொண்டுவராதே. என் கையைப் பிடிக்க உனக்கு அது தேவைப்படுமா என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இப்போதைக்குப் பெயரில்லாத
உன் அக்கா